மூடிய பொட்டலமும் மூடிய புத்தியும்

சென்ற வாரம் செங்கற்பட்டிலிருந்து ஒரு தோழர் நம்மைத் தேடி வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் உள்ளங்கையளவு ஒரு ஜிகினாப் பொட்டலம். நாம் எடுத்துப் பார்க்கப் போனதும், "தொடாதீங்க அய்யா, மூலை மடங்கினால் விலை போய்விடுமாம்" என்று பதறினார்.

விஷயம் இதுதான். உள்ளே இருப்பது போக்கிமான் என்னும் விளையாட்டுப் படச் சீட்டு. 1996-ல் ஜப்பானில் பிறந்து, 1999-ல் இங்கிலீஷ் பாஷையில் அமெரிக்காவில் அச்சாகிக் குழந்தைகளுக்குச் சில டாலருக்கு விற்றது. அதை இவருடைய மகன், காலேஜில் படிக்கிறவன், தாயாரின் சங்கிலியை அடகு வைத்து 38,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். உள்ளே என்ன சீட்டு என்று அவனுக்குத் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாதாம். பிரித்துப் பார்க்கலாமே என்றால், பிரித்தால் விலை போய்விடுமாம்! "இது புத்தியா, பைத்தியமா, நீங்களே சொல்லுங்கள்" என்பது தோழரின் கேள்வி.

நிற்க. பையனை மட்டும் பைத்தியம் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. பணம் படைத்த தேசத்தார் இதில் கோடிக்கணக்காய்க் கொட்டுகிறார்கள். 1952-ல் அமெரிக்காவில் அச்சான ஒரு பந்தாட்டக்காரர் படச்சீட்டு 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே வரிசையில் விற்காமல் தேங்கிய சீட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி 1960 வாக்கில் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பெனி உத்தியோகஸ்தரே சொல்லியிருக்கிறார். குப்பை என்று கடலில் எறியப்பட்டதே பிற்பாடு பொக்கிஷமாகிவிட்டது.

பிரிக்காத பொட்டலத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? வாங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களை நியாயமாகவே எடுத்துச் சொல்லுவோம். ஒன்று, ஒவ்வொருவன் பிரிக்கும்போதும் பிரிக்காதவை குறைகின்றன. குறையக் குறைய விலை ஏறுகிறது. இரண்டு, உள்ளே இருக்கும் சீட்டு கைபடாதது. அழுக்கு, மடிப்பு இராது. மூன்று, சிறுவயதில் காசில்லாமல் ஏங்கியவன் பெரியவனானதும் அந்த ஏக்கத்தை விலைக்கு வாங்குகிறான். இவையெல்லாம் மெய்தான். ஆனால் முக்கியமான காரணம் நான்காவது: உள்ளே பெரிய சீட்டு இருந்தாலும் இருக்கலாம் என்ற ஆசை. அந்த "இருந்தாலும் இருக்கலாம்" என்பதற்குத்தான் விலையே தவிர, சீட்டுக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பொட்டலங்களில் ஒன்றில் 10,000 ரூபாய்ச் சீட்டும், மற்ற 99-ல் ஆளுக்கு 50 ரூபாய்ச் சீட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பிரித்தால் மொத்தச் சரக்கு 14,950 ரூபாய். பொட்டலம் 500 ரூபாய் வீதம் விற்றால் வசூல் 50,000 ரூபாய். மீதி 35,050 ரூபாய்க்குச் சரக்கு எங்கே? எங்கும் இல்லை. அத்தனையும் வாங்குகிறவர்களுடைய ஆசையின் விலை. ஆகவேதான் "பிரிக்காதே" என்கிறார்கள். பிரித்த நிமிஷமே கணக்கு வெளியாகிவிடும் அல்லவா?

இது அமெரிக்கா கற்றுக்கொடுத்த வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாய்ச் சர்க்கார் ஏலம் போட்டது. 1905-ல் இலங்கைக் கரையில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி; சுமார் 25 லட்ச ரூபாய் வசூல். கூலிக்காரன்கூட நாலு சிப்பி வாங்கிக் கத்தியால் பிளந்து பார்த்தான். பெரும்பாலானவற்றில் சதையும் நாற்றமும்தான். அந்த வருஷத்து வசூலைக் கண்டு மயங்கி, 1906-ல் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி 20 வருஷக் குத்தகை எடுத்தது. சிப்பி வற்றிப்போய்க் கம்பெனியே கலைந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல்.

அங்கேயும் ஒரு பூசாரி உண்டு. கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிச் சிப்பியில் பங்கு வாங்கினான். 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இப்படிப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதாக எழுதியிருக்கிறார். அவன் வராவிட்டால் முங்குகிறவர்கள் இறங்க மறுத்ததால், 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சர்க்காரும் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது! உயிரைக் கொடுத்து மூச்சடக்கியவன் ஒருவன். கரையில் நின்று முணுமுணுத்துப் பங்கு வாங்கியவன் வேறொருவன்.

பொட்டலத்துக்கும் இன்று கடல்கட்டி இருக்கிறான். "இது அசல், பிரிக்கப்படாதது" என்று பரீட்சித்து முத்திரை போட்டுக் கூலி வாங்குகிறவன்தான் அவன். லோகன் பால் என்ற அமெரிக்கர் இப்படி முத்திரை போட்ட ஒரு பெட்டியை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2022 ஜனவரியில் பிரித்தால் உள்ளே போக்கிமான் சீட்டே இல்லை. வேறொரு பொம்மைப் படச் சீட்டு! இது மட்டுமா? மினுக்குச் சீட்டு உள்ள பழைய பொட்டலம் கொஞ்சம் கனக்கும் என்று கண்டவர்கள், நுண்தராசில் நிறுத்துக் கனத்ததை எடுத்துக்கொண்டு இலேசானதைப் பிறர் தலையில் கட்டுகிறார்கள். 2024-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனி, ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கான் வகை யந்திரத்தால் பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளே பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆகவே "யாருக்கும் தெரியாது" என்பதே இன்று பொய். வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியாது என்பதுதான் மெய்.

அமெரிக்கக்காரனுக்கு நஷ்டம் வந்தால் ஒரு மோட்டார் குறையும். நம் ஜனங்களுக்கோ குடும்பமே போகிறது. இடி விழுந்த செப்புக் கலசமாம், அரிசியை இழுக்குமாம், இரிடியமாம், வெளிநாட்டார் கோடி கோடியாய்க் கொடுப்பார்களாம். பெட்டியைத் திறந்தால் கதிர்வீச்சு கொன்றுவிடுமாம். ஆகவே திறக்கக் கூடாதாம்! இதை நம்பி நிலத்தை விற்றவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? 2018-ல் டில்லியில் பிடிபட்ட கூட்டம் விஞ்ஞானி உடுப்பே வைத்திருந்தது. இரிடியம் பிளாட்டின இனத்தைச் சேர்ந்த ஒரு உலோகம்; மோட்டார் எஞ்சினில் பொறி உண்டாக்கும் பிளக்கில்கூட உபயோகிக்கிறார்கள். அது அரிசியையும் இழுக்காது, அதிர்ஷ்டத்தையும் இழுக்காது.

செங்கற்பட்டுத் தோழர் வீட்டிலிருந்து மாமல்லபுரம் ஒன்றும் தூரமில்லை. அங்கே உளிச்சத்தம் கேட்கும் பட்டறையில் போய் நின்று பாருங்கள். சிற்பி கல்லைத் தட்டி ஓசை கேட்டு, விரிசல் உண்டா என்று பார்த்துத்தான் வாங்குகிறான். அவன் செதுக்கிய சிலையை வாங்குகிறவனும் சுற்றிவந்து, தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறான். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் கண்ணால் காணும் அந்த வேலைக்குத்தான். "கல்லுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்காதே, பணத்தைக் கொடு" என்று எந்தச் சிற்பியாவது சொன்னதுண்டா? உழைப்பை விற்கிறவன் திறந்து காட்டுகிறான். ஆசையை விற்கிறவன்தான் மூடி வைக்கிறான்.

தோழர் கடைசியாகக் கேட்டார்: "பிரித்து, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?" நாம் சொன்னோம்: "ஒன்றுமில்லை என்பது பிரிப்பதால் வருவதல்ல, இருந்தால் இப்பொழுதே இருக்கிறது." ஆனாலும் பிரித்தால் விற்கும் விலை போய்விடும் என்பதும் உண்மையாகையால், வெறும் வீம்புக்குப் பிரிக்கச் சொல்ல மாட்டோம். முதலில் தராசில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு, கண்டதைக் கண்டபடி சொல்லி, இந்த விளையாட்டில் தன் உபரிப் பணத்தைப் போடும் ஒருவனுக்கு வந்த விலைக்கு விற்றுச் சங்கிலியை மீட்கட்டும். மறைத்து விற்று இன்னொரு தாயின் சங்கிலியை அடகுக்கு அனுப்ப வேண்டாம்.

தோழர்களே! ஆசைப்படுவது குற்றமல்ல. காசுள்ளவன் தன் காசைப் படச்சீட்டில் போட்டால் நமக்கு நஷ்டமுமில்லை. ஆனால் எவன் எதைக் கொண்டுவந்து "திறக்காதே, பார்க்காதே, கேட்காதே, பணத்தை மட்டும் வை" என்றாலும், அது பொட்டலமானாலும், கலசமானாலும், சாஸ்திரமானாலும், ஒரே பதில் சொல்லுங்கள்: "முதலில் திற, பிறகு விலை பேசுவோம்."