சொந்தப் பாட்டையே காசு கொடுத்து வாங்கிய பாடகி: ஏமி மேன் கதையில் நாம் கவனிக்கத் தவறுவது என்ன?

இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கிறீர்கள். கம்பெனியில் காட்டுகிறீர்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா விற்காது" என்கிறார்கள். சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் என்னிடமே கொடுத்துவிடுங்கள், நான் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். "அதெப்படி? அது எங்களோடது ஆச்சே!" என்று பதில் வருகிறது. வெளியிடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்.

1999-ல் அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் பாடகி ஏமி மேன் ஏறக்குறைய இந்த நிலையில்தான் நின்றார். கையில் முடிந்துபோன ஓர் ஆல்பம். அதை எழுதியவர் அவர், பாடியவர் அவர். ஆனால் அது அவருடையது இல்லை. கடைசியில் என்ன செய்தார்? தன் பாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கினார்.

இந்தக் கதையை வழக்கமாக "கார்ப்பரேட்டை எதிர்த்து ஜெயித்த கலைஞர்" என்ற வகையில் சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் முக்கியமான விஷயம் நழுவிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1960-ல் விர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர். பாஸ்டனில் இருக்கும் பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டவர். 'யங் ஸ்நேக்ஸ்' என்ற பங்க் குழுவில் கொஞ்ச நாள். பிறகு 1982-ல் 'டில் ட்யூஸ்டே' குழு. அதில் பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர் இவர்தான்.

1985-ல் எபிக் நிறுவனம் வெளியிட்ட 'வாய்சஸ் கேரி' பாட்டு அமெரிக்காவில் டாப் 10-க்குள் போனது. அந்த வீடியோ எம்.டி.வி-யில் ஓயாமல் ஓடியது. காதலியை எப்போதும் அடக்கிப் பேசும் ஒருவன்; கடைசியில் இசையரங்கில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அவள் எழுந்து நின்று உரக்கப் பாடிவிடுகிறாள். முள் முள்ளாக நிற்கும் அந்த வெளிர் முடியை 80-களின் எம்.டி.வி பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு எம்.டி.வி-யின் சிறந்த புதுமுக விருதும் இந்தக் குழுவுக்குத்தான்.

அடுத்த இரண்டு ஆல்பங்களும் அப்படி ஓடவில்லை. 1988-ல் வந்த மூன்றாவது ஆல்பம் 'எவ்ரிதிங்ஸ் டிஃபரன்ட் நவ்' முதல் ஆல்பத்தைவிடப் பல மடங்கு நல்லது. என்னைக் கேட்டால், ஏமி மேன் என்ற பாடலாசிரியர் உண்மையில் பிறந்தது அங்கேதான். ஆனால் விற்பனைக் கணக்கு வேறு மாதிரி பேசியது. குழு கலைந்தது. தனியாகப் பாட நினைத்தவருக்கு எபிக் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அதிலிருந்து வெளியே வரவே சில ஆண்டுகள் போயின. முதல் தனி ஆல்பம் 'வாட்எவர்' வெளியானது 1993-ல்தான்.

பாட்டு எழுதியவருக்குச் சொந்தம் இல்லையா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, வரியும் மெட்டும் சேர்ந்த பாடல். அது எழுதியவருடைய உரிமை. அதிலும் ஒரு பங்கு பதிப்பு நிறுவனத்துக்குப் போவது உண்டு. இன்னொன்று, ஸ்டுடியோவில் பதிவான அந்த ஒலி. இதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். சி.டி-யாக அச்சடிப்பது, படத்துக்குக் கொடுப்பது, ஸ்ட்ரீமிங்கில் ஏற்றுவது எல்லாமே மாஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில். பெரிய நிறுவனங்களின் வழக்கமான ஒப்பந்தத்தில் மாஸ்டர் நிறுவனத்துக்குத்தான் சொந்தம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவுக்கான செலவைக் கட்டுவது பாடகர். நிறுவனம் முன்பணம் கொடுக்கும். பிறகு பாடகருக்கு வரவேண்டிய ராயல்டியில் அதைக் கழித்துக்கொண்டே வரும். முழுதும் கழிந்த பிறகுதான் பாடகர் கைக்குக் காசு.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பதிவுச் செலவு 3 லட்சம் டாலர், ஒரு சி.டி-க்குப் பாடகர் பங்கு 1 டாலர் என்று வையுங்கள். 3 லட்சம் சி.டி விற்ற பிறகுதான் கடன் அடையும். அப்போதும் மாஸ்டர் நிறுவனத்துடையதே. வீட்டுக் கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே இருக்கும் என்றால் எப்படி இருக்கும்? அதே பாடகர் தானே அச்சடித்து விற்று, எல்லாச் செலவும் போக ஒரு சி.டி-க்கு 6 டாலர் நிற்கிறது என்றால், 50,000 விற்றாலே போதும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் பெரிய நிறுவனம் ஏன் 'ஹிட்' கேட்டு நச்சரிக்கிறது என்பதும் புரியும். 50,000 பேர் உயிராக நேசிக்கும் பாடகி அவர்களுக்குத் தோல்வி. தனியாக நின்றால் அதே பாடகிக்கு அது நல்ல வருமானம்.

ஏமி மேனுக்கு வாய்த்த கம்பெனிகள் அப்படி. 'வாட்எவர்' வெளியிட்ட இமாகோ மூடும் நிலைக்குப் போனது. அங்கிருந்து கெஃபன். அங்கே 'ஐ'ம் வித் ஸ்டுபிட்' வந்தது. அடுத்த ஆல்பத்தை முடிக்கும் நேரம் பார்த்து, யுனிவர்சல் குழுமத்தின் முதலாளியான சீக்ராம் நிறுவனம் பாலிகிராமை வாங்கியது. 1999 தொடக்கத்தில் கெஃபன், ஏ அண்ட் எம் இரண்டையும் இன்டர்ஸ்கோப்புடன் சேர்த்துவிட்டார்கள். ஏராளமான ஊழியர்களுக்கு வேலை போனது, பல குழுக்கள் கழற்றிவிடப்பட்டன. கம்பெனி இணைப்பில் டீமோடு சேர்ந்து காணாமல் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களை வேலைக்கு எடுத்த மேனேஜர் இப்போது அங்கே இல்லை. புதிதாக வந்தவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

இன்டர்ஸ்கோப் ஆல்பத்தைக் கேட்டது. சிங்கிள் இல்லை என்றது. அவர் இன்னொரு பாட்டு எழுதித் தர மறுத்தார். மாஸ்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்த ஆல்பத்தின் பெயர் 'பேச்சலர் நம்பர் 2', கூடவே 'டோடோவின் கடைசி எச்சங்கள்' என்று பொருள்படும் ஒரு துணைத் தலைப்பு. அழிந்துபோன அந்தப் பறவையைப் போலத் தானும் தீர்ந்துபோகப்போகிறோமோ என்ற கிண்டல் அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதில் 'நத்திங் இஸ் குட் எனஃப்' என்று ஒரு பாட்டு. கேட்டால் எதிலும் திருப்தி அடையாத காதலனைப் பற்றிய பாட்டு மாதிரி இருக்கும். அந்தக் காதலன் இருக்கும் இடத்தில் ரெக்கார்ட் கம்பெனியை வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் இவருடைய நண்பர். ஏமியின் கணவர் மைக்கேல் பென், ஆண்டர்சனின் முந்தைய படங்களுக்கு இசையமைத்தவர். ஏமியின் பாடல்களைக் கேட்டுக் கேட்டே ஆண்டர்சன் 'மக்னோலியா' திரைக்கதையை எழுதினார். 'டெத்லி' பாட்டின் தொடக்க வரி அப்படியே ஒரு கதாபாத்திரத்தின் வசனம் ஆனது. ஓர் இடத்தில், வெவ்வேறு வீடுகளில் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக 'வைஸ் அப்' பாட்டைப் பாடுவார்கள். நம்ம ஊர்ப் படத்தில் கதாநாயகன் பாடினால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். ஹாலிவுட்டில் ஒரு சீரியஸான படத்தில் அதைச் செய்ய ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

1999 டிசம்பரில் படம் வந்தது. 'சேவ் மீ' பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை. விருதை வாங்கியது 'டார்ஜான்' படத்துக்காக ஃபில் காலின்ஸ். கார்ட்டூன் குரங்குப் பாட்டிடம் தோற்ற கதையைச் சொல்லிக் கிண்டல் செய்துவிட்டு 'சேவ் மீ' பாடுவது ஏமியின் மேடை வழக்கம்.

படத்தின் சத்தம் அடங்கும் முன்பே, 2000-ல், 'பேச்சலர் நம்பர் 2' அவருடைய சொந்த நிறுவனமான 'சூப்பர்ஈகோ' பெயரில் வந்தது. கச்சேரிகளிலும் இணையதளத்திலும் நேரடி விற்பனை. இணையத்தில் மட்டும் சுமார் 25,000 சி.டி போனது. பாட்டை டவுன்லோடு செய்யவே மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர்களும் வந்தார்கள்.

தைரியம் இருந்தால் போதுமா?

போதாது. இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடுவது நேர்மை இல்லை. வெளியே வந்தபோது ஏமி மேனிடம் என்ன இருந்தது என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பணத்தில், எம்.டி.வி மூலம் கிடைத்த பெயர். பதினைந்து வருஷமாகக் கூடவே வரும் ரசிகர்கள். குழுவின் பழைய டிரம்மர் மைக்கேல் ஹவுஸ்மன் இப்போது மேனேஜர். கணக்கு வழக்கு அவர் கையில். போதாததற்கு ஒரு ஹாலிவுட் படம். அந்தப் படத்தின் பாடல் ஆல்பத்தை வெளியிட்டதோ ரிப்ரைஸ், அதுவும் வார்னர் குடும்பத்துப் பெரிய நிறுவனம்தான். நேற்று கிட்டார் வாங்கிய 22 வயதுப் பெண்ணுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

இன்றைக்கு அந்தப் பெண் மாஸ்டரை யாரிடமும் இழக்க வேண்டியதில்லை. செல்போனில் பதிவு செய்து, இரவோடு இரவாக உலகம் முழுக்க ஏற்றலாம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை கேட்டால் கிடைப்பது பைசாக் கணக்கு. 25,000 பேர் ஆளுக்கொரு சி.டி வாங்குவதும், 25,000 பேர் ஆளுக்கொரு முறை பாட்டைத் தட்டுவதும் ஒன்றல்ல. உரிமை இருக்கிறது, விலை போய்விட்டது. ஏமி மேனே 2013-ல் மீடியாநெட் என்ற டிஜிட்டல் விநியோக நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். உரிய அனுமதி இல்லாமல் தன் பாடல்களை அது பல சேவைகளுக்குக் கொடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. பிறகு அது சமரசத்தில் முடிந்தது.

அப்படியானால் மாஸ்டரை வாங்கியதில் என்னதான் லாபம்? பெரும் பணம் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்தது நேரம். 2005-ல் 'தி ஃபர்காட்டன் ஆர்ம்' என்று ஒரு குத்துச்சண்டை வீரனின் காதல் கதையை முழு ஆல்பமாகச் சொன்னார். அதன் அட்டை வடிவமைப்புக்கு கிராமி வந்தது. 2014-ல் டெட் லியோவுடன் சேர்ந்து 'தி போத்'. 2017-ல் வந்ததன் பெயரே 'மென்டல் இல்னஸ்'. எல்லாரும் என் பாட்டு சோகம், மெதுவு என்கிறீர்களா, இந்தாங்க, இருப்பதிலேயே சோகமானது, மெதுவானது என்கிற மாதிரி அக்கூஸ்டிக் கிட்டாரும் வயலின்களும் வைத்து ஓர் ஆல்பம். "இதில் சிங்கிள் எங்கே?" என்று கேட்டிருக்கக்கூடிய யாரும் அறையில் இல்லை. 57 வயதில், 2018-ல், சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது.

எங்கே பணிபுரிந்தாலும் நாம் ஆஃபர் லெட்டரில் முதலில் தேடுவது சம்பளம். நாம் எழுதும் கோடு, வரையும் டிசைன் யாருக்குச் சொந்தம், வேலையை விட்ட பிறகு எதைக் காட்டலாம் என்பதெல்லாம் எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அந்தப் பக்கம் யாருக்கும் அவசரமாகத் தெரியாது. 1980-களில் பாஸ்டனில் நான்கு பேருக்கும் தெரிந்திருக்காது.

'டில் ட்யூஸ்டே'யின் மூன்று ஆல்பங்களும் எபிக் பெயரில் வந்தவை. 'வாய்சஸ் கேரி'யும் அதில் ஒன்று. 'பேச்சலர் நம்பர் 2' மட்டும் 2020-ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பாக, வினைல் தட்டாக மறுபடி வந்தது. 'மக்னோலியா' பாடல்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். வெளியீடு: சூப்பர்ஈகோ.