ஹாரன் அடித்தது தப்பா?

1998 ஆடி மாதம், காலை பதினொன்றரை மணி. டீசல் என்ஜின், பின்னால் 18 பெட்டி, வேகம் 90. வளைவு திரும்பியதும் ஒரு பெரியவர் நாலைந்து ஆடுகளோடு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஹாரனை அழுத்தினேன். அவர் தாண்டிவிட்டார். நன்றாக நினைவிருக்கிறது, முழுசாகத் தாண்டிவிட்டார். ஹாரன் சத்தத்தில் மிரண்ட குட்டி ஒன்று மறுபடி தண்டவாளத்துக்குள் ஓடியது. அதைப் பிடிக்க அவரும் திரும்பினார்.

எங்கள் ரயில்வே பாஷையில் மாடு அடிபட்டால் சி.ஆர்.ஓ., மனுஷன் அடிபட்டால் எம்.ஆர்.ஓ. அடுத்த ஸ்டேஷனில் மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். மெமோவில் 'தொடர்ந்து ஹாரன் கொடுத்தும்' என்று எழுதியிருந்தேன். விசாரணையில் என்னைக் காப்பாற்றியது அந்த வரிதான். ராத்திரியில் என்னை எழுப்பி உட்கார வைத்ததும் அதே வரிதான். ஹாரன் அடிக்காமல் விட்டிருந்தால் குட்டி மிரண்டிருக்காதே.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அவரைப் பார்த்தபோது நடுவில் இருந்தது 250 மீட்டர், அதாவது பத்து நொடி. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் அத்தனை எடையும் நிற்க அறுநூறு எழுநூறு மீட்டர் ஆகும். லாரிக்காரருக்காவது ஸ்டியரிங் உண்டு. என் கையில் இருந்தவை ஒரு பிரேக்கும் ஒரு ஹாரனும். இந்தக் கணக்கு அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் எழுதியதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். நடந்துபோன ஒன்றை நடக்காததாக ஆக்கிப் பார்க்கும்போது மனசு எந்த நூலை உருவுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது தன் கைக்கு எட்டும் நூலைத்தான் உருவும். அந்த வருஷம் மழை பெய்து இந்தப் பக்கமே புல் இருந்திருந்தால் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்ததெல்லாம் ஹாரனைப் பற்றித்தான். ரயில்வே போலீஸ் விசாரணைக்குப் போன இடத்தில் பெரியவரின் மகளைப் பார்த்தேன். "நாந்தான் இன்னிக்கு அந்தாண்ட ஓட்டிட்டுப் போப்பான்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பெண். என் அசிஸ்டென்டோ, ஆட்டை முதலில் பார்த்தது தான்தான், இரண்டு நொடி முந்திச் சொல்லியிருக்கலாம் என்று புலம்பினான். செத்தவர் ஒருவர். மூன்று பேரும் ஆளுக்கு முழுப் பழியையும் கேட்டு நின்றோம்.

ஆனால் எல்லோரும் இப்படி இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மூன்று எம்.ஆர்.ஓ. டீ குடிப்பார், வருத்தப்படுவார், தூங்கிவிடுவார். கல்நெஞ்சக்காரர் என்று அப்போது நினைத்தேன், அது என் தவறு. குழந்தை விழுந்தால் தரையை அடித்துச் சமாதானம் சொல்லும் பாட்டிகள் உண்டு. "கண்ணு எங்கடா வச்சிருக்க?" என்று விழுந்த பிள்ளைக்கே ஒன்று வைக்கிற வீடுகளும் உண்டு. அவருடையது முதல் வகை, என்னுடையது இரண்டாவது. எங்கள் வீட்டில் குடம் உடைந்தால், யார் உடைத்தது என்று தெரியும்வரை சோறு கிடையாது. தானாக உடைந்தது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் வளர்ந்தேன்.

ஊரும் அதற்கேற்ற ஊர். நான் திருவாரூர்க்காரன், கோயில் பக்கத்தில் மனுநீதிச் சோழனின் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவன். பசுங்கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்ததாகத்தான் சேக்கிழாரே பாடியிருக்கிறார். இளவரசன் பதறிப்போய்ப் பிராயச்சித்தம் தேடுகிறான். மந்திரிகளும் அதையே சொல்கிறார்கள். ராஜா கேட்கவில்லை, மகன்மேல் தேரை ஏற்றுகிறார். கடைசியில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுவதால் நாம் கைதட்டி முடிக்கிறோம். கலெக்டர் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர்கூட வைத்திருக்கிறோம். பசுவுக்காக அழுத ராஜாவை நானும் மதிக்கிறேன். ஆனால் தேரோட்டி வந்த அந்தப் பையன்? விபத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே கோடு போட மறுத்த கதையை நீதிக்கு உதாரணமாகச் சொல்லி வளர்த்தால், பிள்ளைகள் தங்கள்மேல் தாங்களே தேரோட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

அம்மா என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போய் 22 தீர்த்தத்திலும் குளிக்க வைத்தாள். பாவம் போனதா தெரியாது. ஆனால் இருபத்திரண்டாவது வாளிக்குப் பிறகு "முடிஞ்சுது, போங்க" என்று ஒருவர் சொன்னார். என் மனசு அப்படிச் சொன்னதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறொன்று ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அப்பா போனபோது நான் லைனில் இருந்தது, பையன் கணக்கில் மார்க் குறைந்தது, தங்கையின் மாப்பிள்ளை குடித்தது, எல்லாமே என்னால்தான் என்று தோன்றியது. மனைவி பிடிவாதமாக ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வு நோய்க்கு அவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில் அளவுமீறிய குற்றவுணர்வும் ஒன்று என்று அவர் சொல்லித்தான் தெரியும். தப்பு செய்தால்தான் உறுத்தும் என்று நினைத்திருந்தேன். சில சமயம் உறுத்தல் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு, பிறகு தப்பைத் தேடி ஆள் அனுப்புகிறது. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தங்கை மாப்பிள்ளை குடித்தது என்னாலில்லை என்று தெளிந்தது. ஹாரன் மட்டும் மிச்சம்.

அந்த மிச்சத்தைப் பற்றி பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் எழுதியிருக்கிறார். அவர் உதாரணத்திலும் ஒரு லாரி டிரைவர், தன் தப்பே இல்லாமல் ஒரு குழந்தைமேல் ஏற்றிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் அவரைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் சொன்னவுடனே தேறிவிடுகிற டிரைவரைப் பார்த்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும் என்கிறார். சரிதான். என் பழைய சகாவும் அதற்காகத்தான் தூங்குமுன் டீ குடித்து வருத்தப்பட்டிருக்கிறார் போலும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான், அசிஸ்டென்ட் லோகோ பைலட். அவனுக்கு முதல் எம்.ஆர்.ஓ. "உன் மேல தப்பில்ல, விடுன்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றான். நான் அதைச் சொல்லவில்லை. என் ஹாரன் கதையைச் சொன்னேன். பேப்பரை எடுத்து வேகம் கேட்டேன். 110. நொடிக்கு 30 மீட்டருக்கு மேல். எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள்? "முந்நூறு இருக்கும் சார்... இல்ல, எதிர் லைன்ல கூட்ஸ் போய்ட்டிருந்துச்சு, அது மறைச்சிருச்சு. நூத்தம்பதுதான்." அவனே வகுத்தான். "அஞ்சு செகண்டா?" என்றான். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தான். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் அந்தப் பேப்பரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "சார், நீங்க ஹாரன் அடிக்காம இருந்திருந்தா அந்தக் குட்டி ஓடியிருக்காதா?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு "ஓடியிருக்காது" என்றுதான் எனக்குள் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

"தெரியலப்பா" என்றேன்.