சேனல் மிக்சரும் மாநிறமும்

கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது ரொம்பச் சுலபமான வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணினியில் ஒரு பட்டன், செல்போனில் ஒரு ஃபில்டர். தட்டினால் நிறம் போய்விடும். ஆனால் போவது நிறம் மட்டும்தானா? படத்தில் இருப்பவரின் முகம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதையும் அந்த ஒரு தட்டலிலேயே யாரோ எழுதி வைத்த கணக்கு முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு படம் எடுத்தவர் கையில் இருக்க வேண்டும். அதற்கான கருவிதான் சேனல் மிக்சர். போட்டோஷாப்பில் உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப்பிலும் உண்டு.

சரி, சேனல் என்றால் என்ன? ஒரு கலர் படம் என்பது உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். காட்சியில் சிவப்பு ஒளி எங்கெங்கே எவ்வளவு இருந்தது என்பது ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. 1910 வாக்கில் ரஷ்யாவில் ப்ரோகுடின்-கோர்ஸ்கி என்பவர் இதைக் கண்ணுக்குத் தெரியும்படியே செய்தார். ஒரே காட்சியை மூன்று நிறக் கண்ணாடிகள் வழியாக மூன்று முறை எடுத்து, பிறகு அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். இன்றைய கேமராவில் சென்சார் மேல் உள்ள நுண்ணிய நிறக் கட்டங்கள் அதே வேலையை ஒரே கிளிக்கில் செய்கின்றன.

இனி கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு மாநிற முகம். கன்னத்தில் ஒரு புள்ளியை எடுத்தால் சிவப்பு 140, பச்சை 95, நீலம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். சிவப்பு சேனலை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் அந்தக் கன்னம் 140. நீலத்தை மட்டும் வைத்தால் 70, அதாவது சரிபாதி! பழைய டிவி காலத்திலிருந்து வரும், பல மென்பொருள்கள் இன்றும் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 சதவீதம். அதன்படி 106. ஒரே ஆள், ஒரே படம், மூன்று நிறம்.

வெளுத்த தோலில் இந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை. 225, 185, 165 என்று இருக்கும் ஒரு முகத்தில் நீலத்தை மட்டும் வைத்தாலும் முக்கால் பங்கு வெளிச்சம் மிஞ்சும். ஆக, கலவையில் கை வைத்தால் அடி அதிகம் விழுவது கறுத்த முகத்தில்தான்.

நம் ஊரில் வெளுப்பான ஆளைச் 'செவப்பு' என்பார்கள். சேனல் மிக்சரில் அது அப்படியே உண்மை :-) சிவப்பை ஏற்ற ஏற்ற முகம் வெளுக்கும். பருவும் தழும்பும்கூட மங்கிவிடும். கல்யாண ஆல்பங்களில் இதற்குக் கிராக்கி இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நெற்றியில் உள்ள குங்குமத்தைப் பாருங்கள். அது 150, 25, 35 என்றால், சிவப்பு சேனலில் தோலுக்கும் அதற்கும் பத்துதான் வித்தியாசம். பொட்டு கரைந்து போய்விடும். பச்சை சேனலிலோ 95க்கு எதிரே 25, பளிச்சென்று நிற்கும். குங்குமம் காணாமல் போனால் சிவப்பு அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம்.

சிவப்பை ஏற்றுவதே தப்பா? இல்லை. 1927ல் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் மலையை எடுத்தபோது அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டித்தான் நீல வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். இன்று சேனல் மிக்சரில் சிவப்பை 100 என்று வைப்பது ஏறக்குறைய அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால், அவர் எது வேண்டும் என்று யோசித்து அதை மாட்டினார். ஃபில்டர் பட்டனைத் தட்டுகிறவர் யோசிப்பதில்லை.

கலரிலும் இதே கதைதான். மற்ற கருவிகள் பெரும்பாலும் ஒரு நிறத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். மிக்சர் ஒரு சேனலுக்கு இன்னொன்றிடமிருந்து கடன் வாங்கித் தரும். சிவப்பு சேனலில் சிவப்பை 80 ஆக்கி, பச்சையிலிருந்து 20 சேருங்கள். இலைகள் லேசாக மஞ்சளாகும், முகத்தில் சிவப்பு தணியும். கூட்டுத்தொகை 100 ஆக இருக்கும்வரை வெள்ளைச் சட்டையும் சாம்பல் சுவரும் நிறம் மாறாது, ஏனென்றால் அவற்றில் மூன்று சேனலும் சமம். கல்லூரி விழா மேடையில் சிவப்பு விளக்கில் எடுத்த படங்களுக்கும் இது கைகொடுக்கும். அங்கே சிவப்பு சேனல் வழிந்து முகமே தெரியாமல் போயிருக்கும். பச்சையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பல சமயம் கண்ணும் மூக்கும் திரும்பி வந்துவிடும், கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும்.

"ஒரு படத்துக்கு இவ்வளவு கணக்கா? ரெடிமேட் ஃபில்டர் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்நூறு படத்தை ராத்திரிக்குள் முடிக்க வேண்டியவருக்கு அது நியாயமான கேள்விதான். மிக்சருக்குக் குறையும் உண்டு. படம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றும். முகத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் லேயர் மாஸ்க் போட வேண்டும். இருந்தாலும் அந்த ரெடிமேட் ஃபில்டருக்குள்ளும் ஏதோ ஒரு கலவை இருக்கத்தான் செய்கிறது. அதை எழுதியவர் இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

எல்லாப் படத்துக்கும் வேண்டாம். முகம் முக்கியமான படங்களுக்காவது இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். 30, 60, 10 என்று ஆரம்பித்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். வெளுப்பாக்குவதும் கறுப்பாகவே விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் படத்தில் இருப்பவரைப் பெற்ற தாய்க்கு அடையாளம் தெரிய வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு பட்டனிடம் கொடுத்துவிட்டுப் போவது சரியில்லை.