எந்தத் தெரு என்று கேட்காத வாடிக்கையாளர்

ஐந்தருவியில் சீசன் களைகட்டும் நாள்களில் வாகன நிறுத்தத்தில் ரசீது கிழித்துக் கொடுப்பவர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், விடுதி அறைகளைக் கூட்டித் துடைப்பவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதைச் சாரலில் நனைய வருகிறவர்கள் கவனிப்பதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு விடுதியில் மூன்று சீசன் வேலை பார்த்த, பாலிடெக்னிக் முடித்த தலித் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து விடுதிகளுக்கான ஒரு இணைய மென்பொருளை எழுதினார்கள்.

மென்பொருள் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். குற்றாலத்து விடுதிகளின் தலைவலி என்ன என்பது அங்கே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். சனி, ஞாயிறு வாடகை வேறு, மற்ற நாள் வாடகை வேறு. மலையில் மழை வலுத்து அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால், பாதிப்பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எந்த அறை யாருக்குப் பேசியிருந்தோம் என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தலாகக் கிடக்கும். இதைக் கைப்பேசியிலேயே தமிழில் பார்த்துச் சரிசெய்யலாம். மாதச் சந்தா கட்டினால் போதும். முதல் மாதம் இலவசம்.

எழுதுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. விற்கப் போனபோதுதான் கதை தொடங்கியது. ஒரு விடுதி உரிமையாளர் முழுதாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "தம்பி எந்த ஊர்?" என்றார். சொன்னார்கள். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னார்கள். "சொல்லி அனுப்புறேன்" என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

ஐந்தருவியிலிருந்து அதிகத் தொலைவில்லை மத்தளம்பாறை. கிராமத்திலிருந்து உலகத்துக்கே மென்பொருள் விற்கலாம் என்று நாடே இன்று எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஊர் அது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2011-இல் தென்காசிப் பக்கம் சிறியதாக ஓர் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர்களின் புகார்களையும் கேள்விகளையும் ஒழுங்குபடுத்திப் பதில் தர உதவும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் இங்கே உருவானது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் இங்கேயே குடிவந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த நிறுவனம் இரண்டு பொய்களை உடைத்தது, அதை மறுப்பதற்கில்லை. கணினித் தொழிலுக்கு நகரம் வேண்டும் என்பது ஒன்று. பட்டம் வேண்டும் என்பது இன்னொன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தும் பள்ளியைத் தொடங்கினார்கள். 'மெரிட்' என்ற சொல்லை வைத்து நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய தொழிலில் இது சின்னக் காரியம் அல்ல.

ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. வெளியார் முதலீடு வாங்காமலே வளர்ந்த நிறுவனம் அது. தொடங்கியது 1996-இல். ஜோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள் வந்தது 2005-இல். நடுவே அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்து, வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியை இழந்த காலமும் உண்டு. அதையும் தாக்குப்பிடித்தார்கள். எதை வைத்து? சென்னை ஐஐடி, பிரின்ஸ்டன் முனைவர் பட்டம், அமெரிக்க நிறுவனத்தில் பார்த்த வேலை, உடன் நின்ற சகோதரர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொந்தக்காலில் நின்றார்கள் என்பது உண்மை. அந்தக் கால் ஊன்றி நின்ற தரை ஒன்று இருந்தது என்பதும் உண்மை.

சம்பளம் இல்லாமல் காத்திருக்க முடிகிற காலம்தான் மென்பொருள் தொழிலின் உண்மையான முதல். எந்திரம் வேண்டாம், கிடங்கு வேண்டாம், ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும் என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த மடிக்கணினிக்கு முன்னால் ஒருவர் இரண்டு வருடம் உட்கார வேண்டும். அந்த இரண்டு வருடமும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயும், சீசனுக்கு அருவிக்கரையிலும் மற்ற நாளில் வயலிலும் நிற்கும் தந்தையும் உள்ள வீட்டில், படித்த பிள்ளையின் முதல் மாதச் சம்பளம்தான் திட்டமே.

அடுத்த முதல், அறிமுகம். எந்தப் புதுத் தொழிலுக்கும் முதல் பத்து வாடிக்கையாளர்கள் தெரிந்தவர்கள் வழியாகத்தான் வருகிறார்கள். மாமா கடை, சித்தப்பாவின் நண்பர் மில், சங்கத்துத் தலைவரின் கல்லூரி. தொழிலில் 'நெட்வொர்க்' என்று மரியாதையாகச் சொல்வது நம் ஊரில் பெரும்பாலும் சாதிதான். கடையும் மில்லும் லாட்ஜும் இல்லாத சமூகத்துப் பிள்ளைக்கு அந்த முதல் பத்துப் பேர் எங்கிருந்து வருவார்கள்?

இது புதிய கேள்வி அல்ல. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்த நகரத்தில் அவர் அளவுக்குப் பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள், நிறுவனம் மூடப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் ஒரு ஸ்டார்ட்அப்தான்.

நூறாண்டு கடந்துவிட்டதே என்பவர்களுக்கு, இதே தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளம் நினைவிருக்க வேண்டும். 2022 செப்டம்பரில், பள்ளிக்குப் போகும் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மாட்டேன், ஊர்க் கட்டுப்பாடு என்று ஒரு பெட்டிக்கடையில் சொன்னார்கள். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. எங்கோ ஒரு நாட்டில் புகார் சொல்லும் வாடிக்கையாளரையும் வரிசை மாறாமல் கவனிக்கும் மென்பொருளை எழுதிய மாவட்டம் இது. கையில் காசு வைத்திருந்த குழந்தைக்கு மிட்டாய் மறுத்ததும் இதே மாவட்டம்.

திட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட்அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய், வட்டியில் 6 விழுக்காடு சலுகை தருகிறது. நல்ல திட்டம். அரிசி ஆலை வைப்பவருக்கும் லாரி வாங்குபவருக்கும் கைகொடுக்கும். மானியம் கணக்கிடப்படுவது கண்ணில் படும் சொத்தின் மீது. மென்பொருள் எழுதுபவர் எந்த எந்திரத்துக்குக் கொட்டேஷன் வாங்கிக் கொடுப்பார்? நம் இளைஞர்கள் இருவரிடமும் ஒரு வங்கியில் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அடுத்ததாகப் பட்டா கேட்டிருக்கிறார்கள்.

மென்பொருளுக்குப் பொருந்துவது பங்கு முதலீடு. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் புத்தொழில் நிறுவனங்களுக்கென்றே 30 கோடி ரூபாய் நிதியைத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. அடுத்த ஆண்டு அது 50 கோடியானது. கடன் அல்ல. அரசே பங்குதாரராகச் சேர்கிறது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வாசலுக்குப் போகும்போது கையில் நிறுவனப் பதிவு, கணக்கு, விற்பனை என்று கொஞ்சமாவது இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் அம்பேத்கர் புத்தாக்க இயக்கம் மூன்றாண்டுகளில் 30 லட்சம் தருகிறது, அதற்கோ ஒரு கல்லூரியின் தொழில் வளர்ப்பகத்தில் இடம்பிடித்திருக்க வேண்டும். வளர்ப்பகங்கள் பெரிய கல்லூரிகளில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அருவிக்கரையில் இருக்கிறார்கள்.

தாட்கோ பட்டியல் சாதி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மென்பொருள் நிறுவனங்களில் பயிற்சியும் வேலையும் வாங்கித் தருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் நம் பிள்ளை இன்னொருவரின் மென்பொருளில் பிழை திருத்துபவராக மட்டும் இருந்தால் போதும் என்று யார் முடிவு செய்தது? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியபோது இன்னொருவர் பத்திரிகையில் பத்தி கேட்டு நிற்கவில்லை. தானே ஆசிரியர். ஒரு பைசாவும் சந்தாவும் கொடுத்து வாங்கிய வாசகர்கள்தான் அவருடைய முதலீட்டாளர்கள்.

எனவே தென்காசி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிதல்ல. ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில் அல்லது தாட்கோ கட்டடத்தில் நல்ல இணைய இணைப்போடு பத்து மேசைகள் போடலாம். மென்பொருள் எழுதத் தொடங்கும் இளைஞருக்கு இரண்டு ஆண்டுகள் மாத உதவித்தொகை கொடுக்கலாம். முனைவர் பட்ட ஆய்வாளருக்குத் தருகிறோம் அல்லவா, அதேபோல. பதிவு, கணக்கு வேலைகளுக்கு ஒரு தணிக்கையாளரை அரசு செலவில் அமர்த்தலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் வாடிக்கையாளராக அரசே இருப்பது. 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையின்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25-க்குள் 4 பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு. ஆணை வந்த தொடக்க ஆண்டுகளில் அந்த நான்கில் பாதியைக்கூட எட்டவில்லை. மாவட்டத்தில் இது எளிது. அரசு விடுதிகளின் வருகைப் பதிவு, சுற்றுலாத் துறை அறைகளின் முன்பதிவு, எந்த அருவியில் இன்று குளிக்கத் தடை என்று மக்களுக்குச் சொல்லும் சேவை ஆகியவற்றுக்கு மென்பொருள் வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டை இந்த மாவட்டத்துத் தலித் இளைஞர்கள் எழுதட்டும், அரசு காசு கொடுத்து வாங்கட்டும். அதன்பின் அவர்கள் தனியாரிடம் போகும்போது, எந்தத் தெரு என்ற கேள்விக்கு முன்னால், "கலெக்டர் ஆபீஸ்ல நம்ம சாப்ட்வேர்தான் ஓடுது" என்று சொல்ல முடியும்.

ஜோஹோவிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஊர்ப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்றுவிக்கும் நிறுவனம், அவர்களில் எத்தனை பேர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட்டால், தனியார் துறையில் அது முன்மாதிரியாக இருக்கும். இட ஒதுக்கீடு இல்லாத இடத்தில் எண்ணிக்கையாவது வெளியே தெரியட்டும்.

அந்த இளைஞர்கள் இருவரும் விட்டுவிடவில்லை. மென்பொருளைத் தமிழோடு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றினார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று தாங்களே பேசிச் சிறு காணொளிகள் எடுத்துப் போட்டார்கள். போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து ஒரு தங்கும் விடுதிக்காரர் காணொளியைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார். மூன்று கேள்விகள் கேட்டாராம். இணையம் போனால் கணக்கு அழியுமா? ஜிஎஸ்டி ரசீது வருமா? மாதம் எவ்வளவு? ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டார்.