ஃபிளாஷை அணைச்சிட்டு ஒரு லென்ஸ் வாங்குங்க

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

திருவிழாவுக்குப் படம் எடுக்க ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாம், நன்கொடை திரட்டலாம்னு ஒரு பேச்சு ஓடுது. தொண்டர்களா இருக்கிற நாங்க இதை ஏத்துக்க மாட்டோம். அந்த கேமராவும் 24-70 எஃப் 2.8 லென்ஸும் சேர்ந்தா 10,000 வெள்ளியைத் தாண்டும். தோட்டத்து ஜனங்க உண்டியல்ல போட்ட காசு அது. நம்ம பிள்ளைங்க கையில இருக்கிற கிராப் சென்சார் கேமராவே போதும். குறை அதோட கூட வந்த 18-55 லென்ஸ்லதான்.

அந்த லென்ஸை முழுசா இழுத்தா துவாரம் 5.6-க்குச் சுருங்கிடும். கருவறை விளக்கு வெளிச்சத்துக்கு அது பத்தாது. உடனே ஃபிளாஷ் அடிக்கிறாங்க. வெள்ளிக் கவசத்துல பட்டுத் தெறிக்குது, தீபத்தோட மஞ்சள் செத்துப் போகுது, ஆரத்தி காட்டுற குருக்களுக்குக் கண்ணு கூசுது. கம்போங் குவாந்தான்ல மின்மினிப் பூச்சிக்கு ஃபிளாஷ் அடிக்காதேன்னா எல்லாரும் பேசாம கேக்குறோம். அம்மன் சந்நிதியில மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குறோம்?

எஃப் 1.8 பிரைம் லென்ஸ், 5.6-ஐ விட 9 மடங்குக்கு மேல வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 வச்சு புள்ளி புள்ளியா வந்த படத்தை 800-லேயே எடுக்கலாம். ஜூம் கிடையாது, நாமதான் முன்னே பின்னே நடக்கணும். சாமிக்கு முன்னால நாலு எட்டு நடந்தா குறைஞ்சா போயிடுவோம்?

கடைக்காரர் "எல்லாரும் 50தான் வாங்குறாங்க"ன்னு சொல்வார். நம்பிடாதீங்க. கேனன் கிராப் கேமராவுல 50 போட்டா 80 மாதிரி நெருக்கிக் காட்டும். தோட்டத்துக் கோயில் மண்டபம் சின்னது, முதுகு சுவத்துல இடிச்சாலும் அம்மன் முகம்தான் வரும், குடும்பம் வராது. நிக்கான்காரங்க 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ் வாங்குங்க. ஏறக்குறைய 52 மாதிரி வரும், ஒண்ணே போதும். கேனன்ல அலங்காரத்துக்கு 50 எஃப் 1.8 எஸ்டிஎம், கூட்டத்துக்கு 24 எஃப் 2.8. ரெண்டாவது அவ்வளவு வேகம் இல்ல, ஆனா இடம் கொள்ளும். இதுல எதுவுமே ஒண்ணு 1,000 வெள்ளிக்குள்ள முடியும், பழசுன்னா இன்னும் குறையும். ஒரு எச்சரிக்கை: நிக்கான் 3000, 5000 வரிசை கேமராவுல பழைய 50 எஃப் 1.8டி தானா ஃபோக்கஸ் ஆகாது. மலிவுன்னு ஏமாறாதீங்க.

1.8-லயே வச்சு எடுக்காதீங்க. கிட்டப் போய் எடுக்கும்போது முகம் தெளிவா இருக்கும், கையில உள்ள சூலம் மங்கிடும். 2.8-க்கு வைங்க. (மூலவரைப் படம் எடுக்கலாமாங்கிறது தனி விவாதம். குருக்கள் வேண்டாம்னா வேண்டாம்தான்.)

"கைப்பேசி இருக்கே?" பகல்ல சரி. ராத்திரி தீமிதியில ஓடுற காலைப் பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேக்குறீங்களா? ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் பக்கம் லயங்கள் காலியாகிட்டு வருது. தோட்டம் வீடமைப்புக்குப் போனா கோயிலும் இடம் மாறும். பழைய சந்நிதி எப்படி இருந்துச்சுன்னு பேரப்பிள்ளைக்குக் காட்ட இந்தப் படம்தான் மிஞ்சும். அது வெளுத்த ஃபிளாஷ் படமா இருக்கணுமா?

நன்கொடைப் பட்டியலை நிர்வாகம் நிறுத்தி வைக்கட்டும். கேமரா வச்சிருக்கிற பிள்ளைங்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்கு எடுத்துட்டு வாங்க, எந்த லென்ஸ் பொருந்தும்னு உக்காந்து பார்ப்போம்.