672 பைட்டில் ஒரு சதுரங்கம்

1981இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகம் 1 கிலோபைட்தான். அதற்குள் டேவிட் ஹார்ன் வெறும் 672 பைட்டில் ஒரு சதுரங்க நிரலை அடைத்தார். கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகள் அதில் இல்லை. ஆனாலும் அது எதிராளியாக இருந்து காய் நகர்த்தியது! 2015இல் 'பூட்செஸ்' என்ற சதுரங்க நிரல் 487 பைட்டில் அந்தச் சாதனையை முறியடித்தது.

அன்று நிரலை இப்படிச் சுருக்குவது கட்டாயம்; இன்று விளையாட்டு. கொடுத்த வேலையை மிகக் குறைந்த எழுத்துகளில் முடிக்கும் நிரலை எழுதுபவரே 'கோட் கோல்ஃப்' போட்டியில் வெல்கிறார். கோல்ஃப்ஸ்கிரிப்ட், ஜெல்லி என இதற்கென்றே நிரல்மொழிகள் பிறந்திருக்கின்றன.

இதை வீண் பொழுதுபோக்கு என்பது தவறு. பைத்தானில் ஒரு நிபந்தனை வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பெருக்கலைப் போட்டுப் பார்க்கும் மாணவர், உண்மையும் பொய்யும் அந்த மொழியில் 1, 0 ஆகவே நடத்தப்படுவதை நேரடியாக உணர்கிறார். இரண்டு எழுத்தை மிச்சப்படுத்த மொழியின் மூலைமுடுக்கெல்லாம் தேடுகிறார். பாடநூலை மனப்பாடம் செய்து இந்தப் பழக்கம் வராது.

அலுவலக நிரலில் இந்தச் சுருக்கம் ஆகாது. அங்கே அடுத்தவருக்குப் புரிவதே முக்கியம். ஆனால் கல்லூரிக் கணினி ஆய்வகங்கள் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்குத் தாராளமாக ஒதுக்கலாம். ஆசிரியர்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கட்டும்.