வேலை போனது, பெயரும் போக வேண்டுமா?

கோலார் தங்கவயலில் பொழுது விடிவதற்கு முன்பே ரெயில் நிலையங்கள் விழித்துக் கொள்கின்றன. மாரிகுப்பம், சாம்பியன், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டுப் பையுடன் ஆட்கள் ஏறுகிறார்கள். பெங்களூருவுக்கு சுமார் 100 கிலோ மீட்டர். காலையில் போய் இரவில் திரும்ப வேண்டும். பெற்ற பிள்ளைகள் விழித்திருப்பதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

இப்படிப் போய் வருகிறவர்களில் ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஒரு தொழிற்சாலையில் 6 ஆண்டு வேலை பார்த்தவர். ஆள் குறைப்பில் வேலை போய் விட்டது. இப்போதும் அதே ரெயிலில் ஏறுகிறார். பையில் சாப்பாட்டுடன் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். "இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்கள் நிறுவனத்தில் பணி புரிந்தார்." அவ்வளவுதான்.

புதிய கம்பெனியின் அதிகாரி அந்தத் தாளைப் படிக்கிறார். பின்பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். வெள்ளையாக இருக்கிறது.

"ஏன் விட்டீங்க?"

"நான் விடலீங்க சார். ஆர்டர் இல்லைன்னு நிறுத்திட்டாங்க."

"எல்லாரையுமா?"

"இல்லீங்க சார். எங்க பிரிவில பாதிப் பேரை."

"அப்ப மீதிப் பாதிப் பேரை மட்டும் ஏன் வச்சிருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு அந்த மனிதரிடம் பதில் இல்லை. அவர் என்ன சொன்னாலும் அது தன்னைத் தானே புகழ்ந்து கொள்வதாகத்தான் படும். பதில் பழைய கம்பெனி மானேஜரிடம் இருக்கிறது. அவரோ இரண்டு தேதிகளை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு விட்டார்.

சுரங்கம் சொல்லும் பாடம்

தங்கவயல்காரர்களுக்கு வேலை இழப்பு புதிது அல்ல. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்க வேலை, 2001 பிப்ரவரி 28-ந் தேதி நின்றது. வட ஆற்காட்டில் இருந்தும், சேலம் பக்கத்தில் இருந்தும் பிழைக்க வந்து தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு ஒரே நாளில் ஆட்டம் கண்டது.

அது பெரிய துயரம். ஆனாலும் அதில் ஒன்று இருந்தது. சுரங்கம் மூடியது நாட்டுக்கே தெரியும். அங்கிருந்து வந்தவரைப் பார்த்து, "நீ என்ன தப்பு செய்தாய்?" என்று கேட்க வேண்டிய அவசியம் எந்த அதிகாரிக்கும் இல்லை.

முழுக் கம்பெனியும் மூடினால் பழி கம்பெனிக்கு. பாதிப் பேரை நிறுத்தினால் பழி அந்தப் பாதிப் பேருக்கு. இன்றைய ஆள் குறைப்பில் உள்ள கொடுமை இதுதான். சம்பளம் போவதோடு நிற்பதில்லை. சந்தேகமும் கூடவே வருகிறது.

சுரங்கம் இன்னொரு பாடமும் சொல்கிறது. ஒருவரது தாளில் 'டிம்பர்மேன்' என்று மட்டும் எழுதியிருந்தால், பெங்களூரு அதிகாரிக்கு என்ன விளங்கும்? மரம் அறுக்கிறவர் என்று நினைப்பார். பூமிக்கு அடியில், 3 கிலோ மீட்டர் ஆழம் வரை போன சுரங்கத்தில், தலைக்கு மேலே பாறை சரியாமல் முட்டுக் கொடுத்தவர் என்று எழுதினால்? பலரது உயிர் அவர் கையில் இருந்தது என்பது ஒரு வரியில் விளங்கி விடும். கட்டுமானக் கம்பெனிக்காரர் அவரை உட்கார வைத்துப் பேசுவார்.

ஒரு தொழிலின் பெயர் இன்னொரு தொழிலுக்குப் புரியாது. புரிய வைப்பதுதான் பரிந்துரைக் கடிதத்தின் வேலை.

சட்டம் எது வரை?

ஆள் குறைப்புக்குச் சட்டம் உண்டு. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம், ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு என்று 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் கூறியது. கடைசியில் சேர்ந்தவரை முதலில் நிறுத்துவதே பொது வழக்கம் என்றும் அது கூறியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. நிறுத்தியவர்களின் இடத்துக்கு ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால், அவர்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்பது அதில் புதிதாகச் சேர்ந்தது.

சான்றிதழ் விஷயத்தில் சட்டத்தின் கை நீளவில்லை. நிரந்தரத் தொழிலாளி வேலையில் இருந்து போகும்போது பணிச் சான்றிதழ் பெற உரிமை உடையவர் என்று, 1946-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகளில் ஒரு வரி இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை. அது மானேஜரின் மனதுக்கு விட்டது.

தேதிகளை மட்டும் எழுதித் தருவதால் என்ன பயன்? எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பதை வருங்கால வைப்பு நிதிக் கணக்கே காட்டி விடும். அந்தக் கணக்குக்குத் தெரியாததை அல்லவா மானேஜர் எழுத வேண்டும்?

மூன்று விஷயங்கள்

நல்ல கடிதத்துக்கு ஒரு பக்கம் போதும். மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது, ஏன் போனார் என்பது. "ஆர்டர் குறைந்ததால் எங்கள் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. பணிக்கால வரிசையில் கடைசியில் இருந்தவர்கள் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் இவரும் ஒருவர். இவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை." ரெயிலில் போகிற அந்த மனிதர் திகைத்து நின்ற கேள்விக்கு இந்த நான்கு வரிகளே பதில்.

இரண்டாவது, என்ன செய்தார் என்பது. 'மிஷின் ஆபரேட்டர்' என்றால் போதாது. எந்த மிஷின், அதைப் பழுது பார்க்கவும் தெரியுமா, புதிதாக வந்த எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தார் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, எப்படிப்பட்டவர் என்பது. "நல்லவர், வல்லவர், கடின உழைப்பாளி" என்று அடுக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் அது இருக்கிறது. "நள்ளிரவு ஷிப்டில் மின்சாரம் போனபோது இவர் ஒருவரே நின்று இயந்திரத்தைப் பத்திரமாக நிறுத்தினார்" என்று நடந்த ஒன்றை எழுதினால் நம்புவார்கள். கீழே பெயர், பதவி, தொலைபேசி எண். புதிய கம்பெனியில் இருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேச வேண்டும். எடுக்காத தொலைபேசி, எழுதியதைப் பொய்யாக்கி விடும்.

சொல்லப்படும் சாக்குகள்

"தேதிக்கு மேல் எழுதக் கூடாது என்பது கம்பெனி விதி" என்பார்கள். பல இடங்களில் அப்படி விதி உண்டு. ஆனால் ஆள் குறைப்புக்கு என்ன காரணம் என்று நிர்வாகம் நோட்டீசிலேயே எழுதித்தானே கொடுத்திருக்கிறது? அதே காரணத்தைக் கடிதத்தில் எழுதினால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? மற்றதை, நிர்வாகத்தின் அனுமதி பெற்று சூப்பர்வைசரே தன் பெயரில் எழுதிக் கொடுக்கலாம்.

"சுமாரான ஆளுக்கு என்ன எழுதுவது?" என்றும் கேட்பார்கள். பொய் எழுத வேண்டாம். பொய்க் கடிதம் அடுத்து வருகிற நல்ல தொழிலாளியின் கடிதத்தையும் கெடுக்கும். நேரம் தவறி வருகிறவராக இருந்தால், நேரத்தைப் பற்றிப் புகழ வேண்டியது இல்லை. ஆனால் அவர் கை சுத்தம் என்றால் அதை எழுதலாம் அல்லவா? ஆறு ஆண்டு ஒருவரை வைத்து வேலை வாங்கியவருக்கு, அவரைப் பற்றி உண்மையான நல்ல சொல் ஒன்று கூடவா தெரியாது?

நம்மவர்களுக்கும் ஒரு சொல்

இந்தக் குறை பெரிய கம்பெனிகளில் மட்டும் இல்லை. பெங்களூருவில் தமிழ் மேஸ்திரிகளும், ஒப்பந்தக்காரர்களும் ஏராளம். ஊரில் இருந்து ஆள் அழைத்து வருகிறார்கள். வேலை முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்புகிறார்கள். அந்தத் தொழிலாளிக்கு அந்த இரண்டு தேதி கூட எழுத்தில் கிடைப்பதில்லை. "எத்தனை வருஷமா கம்பி கட்டுறே?" என்று கேட்டால் வாயால்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் முகவரித் தாளில் பத்து வரி எழுதித் தந்தால் அவருக்குச் செலவு என்ன?

தொழிலாளியும் வாயை மூடிக் கொண்டு வரக் கூடாது. கடைசி நாளில் கோபமும் அழுகையும் இருக்கும். கேட்பது கேவலம் என்று தோன்றும். கேவலம் இல்லை. நோட்டீஸ் வந்த அன்றே கேட்க வேண்டும். தான் செய்த வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தால் அவருக்கும் எழுதுவது சுலபம். நியமன உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கொடுக்கும்போது அதில் என்ன எழுதி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துச் சொல்ல வேண்டும். தமிழானாலும் சரி, கன்னடமானாலும் சரி. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் வாசல் வாசலாக அந்தத் தாளை நீட்டுவது நியாயம் அல்ல.

இழப்பீட்டுப் பணம் சில மாதத்தில் தீர்ந்து விடும். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பழைய கடன் என்று கரைந்து போகும். கடிதம் தீராது. அடுத்த வேலைக்கும், அதற்கு அடுத்த வேலைக்கும் கூட வரும்.

ஆளைக் குறைப்பது நிர்வாகத்துக்குத் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆளின் பெயரைக் குறைப்பது தவிர்க்கக் கூடியது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மானேஜர்கள் இன்னும் பத்து வரி எழுதட்டும். நாளை விடியும் முன்பு ரெயில் ஏறுகிற அந்த மனிதர், கேட்ட கேள்விக்குப் பதிலோடு போகட்டும்.